உறைபனிக் காலத்திற்குச் செடி வீட்டை ஆயத்தஞ் செய்தல்

நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானந் தெளிந்தபின், பிப்ரவரி வரையில் உறைபனி விழும் இரவுகள் பல உண்டு. தக்காளி, குடைமிளகாய் முதலியவற்றின் இளநாற்றுக்களும் மென்மையான தொட்டிச் செடிகளும் ஒரே இரவில் கருகிவிடக் கூடும். நாற்றுப் போனால் போகமே பின்தங்கிப் போகிறது. ஆதலால் செடி வீட்டை ஐப்பசி முடிவதற்குள் சீர்செய்து கொள்ளுதல் அவசியம்.

உறைபனியின் காரணம்

பகலில் வெப்பத்தை ஏற்ற நிலம், மேகமற்ற இரவில் அதனை வானை நோக்கி வெளிவிட்டு விரைவில் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமுடையது. அது நீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. தலைகுந்தா போன்ற தாழ்வான வெளிகளில் பனி மிகுதியாக விழுவது இதனாலேயே. உஷ்ணம் 0 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் இறங்கும்போது இலையிலுள்ள நீர் உறைந்து அதன் திசுக்களைச் சிதைக்கிறது.

செடி வீடு தானாக உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. பகலில் பெற்றதை இரவில் காப்பதே அதன் வேலை. பின்வருவன யாவும் இதனைக் கருதியே செய்யப்படுவன.

இடமும் சுத்தமும்

பள்ளத்தை விலக்கி, சரிவின் நடுப்பகுதியைத் தெரிந்துகொள்ளுதல் உத்தமம். இக்காலத்தில் சூரியன் தென்வானில் சாய்ந்து செல்வதால், கண்ணாடிப் பக்கம் தெற்கு நோக்கியும் வடபுறம் கனத்த சுவராகவும் இருத்தல் நலம். கண்ணாடியில் படிந்த தூசியையும் பாசியையும் இருபுறமும் கழுவி, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தல் வேண்டும். தொட்டிகளை உள்ளே கொணருமுன் இலைகளின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சியும், தொட்டியின் அடியில் நத்தையும் உள்ளனவா என்று பார்த்து நீக்குக. தொட்டிகளைத் தரையில் வையாது பலகைமேல் வைத்தல் நன்று.

உஷ்ணத்தைக் காத்தல்

கறுப்புச் சாயம் பூசிய பீப்பாய்களில் நீர் நிரப்பி வெயில் படுமிடத்தில் வைத்தால், அந்நீர் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் சிறுகச் சிறுக வெளிவிடும். காலை 10 மணியளவில் பலகணிகளைத் திறந்து, மாலை 3 மணிக்கு மூடிவிடுக. கண்ணாடி மாத்திரம் குளிரைத் தடுக்கப் போதாது. பொழுது சாயுமுன் அதன்மேல் சாக்கையோ பாயையோ விரித்து, வெயில் ஏறியபின் எடுத்துவிடுதல் வேண்டும்.

நீர் பாய்ச்சுதல்

காலையில் மட்டும், மண் காய்ந்திருப்பதைக் கண்டபின், அளவாக நீர் விடுக. மூடிய வீட்டில் இரவு முழுவதும் ஈரம் தங்கினால் நாற்றழுகல் நோயும் பூஞ்சணமும் பரவும். வளர்ச்சி குன்றிய செடிகளுக்கு இக்காலத்தில் உரமிட வேண்டியதில்லை.

எச்சரிக்கை

குளிர் கடுமையான இரவுகளில் சிலர் செடி வீட்டினுள் கரியடுப்பு மூட்டி, காவலுக்கு ஆளையும் படுக்க வைக்கின்றனர். இது பெரும் பிழை. அடைத்த இடத்தில் எரியும் கரியினின்று எழும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவர் விழித்தெழாமலே உயிரிழக்க நேரும். குடியிருக்கும் அறைகளுக்கும் இது பொருந்தும். கிராம உத்தியோகஸ்தர்கள் பனிக்காலம் தொடங்குமுன்னரே இதனைக் குடிகள் யாவருக்கும் அறிவித்தல் கடமையாகும். நாற்றை மறுபடியும் விதைத்துக் கொள்ளலாம். போன உயிரை மீட்க இயலாது.