முழங்கை நோகாத நரம்பு

டென்னிஸ் பழகுகிறவர்கள் மட்டை வாங்கப் புறப்பட்டால், அதன் எடை, தலையின் பரப்பு, பிடியின் சுற்றளவு முதலியவற்றையெல்லாம் நாள்கணக்கில் விசாரித்து, கடை கடையாக ஏறி இறங்கி, விஷயம் தெரிந்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்டே முடிவுக்கு வருகிறார்கள். ஆனால் அந்த மட்டையில் பின்னப்போகும் நரம்பைப் பற்றிய பேச்சு வந்ததும், 'ஏதாவது நல்லதாகப் போட்டுவிடுங்கள்' என்று கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடுவது அந்தப் பன்னிரண்டு மீட்டர் நரம்பு ஒன்றே என்பதையும், ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் அதன் வழியாகவே மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் தோளுக்கும் ஏறுகிறது என்பதையும் நினைத்தால், நரம்பை இவ்வளவு அலட்சியமாகத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சம்மதமாக இல்லை.

பந்து நரம்பில் பட்டு விலகும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் நான்கைந்து பங்குதான். 58 கிராம் எடையுள்ள பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, அதே வேகத்தில் எதிர்த்திசையில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அதன் போக்கைத் திருப்புவதற்கு வேண்டிய உந்தத்தின் அளவு நிர்ணயமானது. எந்த நரம்பாலும் அதைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. நரம்பால் மாற்ற முடிந்தது காலத்தின் அளவை மட்டுமே. அந்தத் திருப்பம் ஐந்து மில்லி விநாடியில் நிகழ்ந்தால் சராசரி விசை ஏறத்தாழ 47 கிலோ பாரத்துக்குச் சமம். அதுவே நான்கு மில்லி விநாடியில் முடிந்துவிட்டால் 59 கிலோ பாரத்துக்குச் சமம். நடைமுறையில் ஒரு நரம்புக்கும் மற்றொரு நரம்புக்கும் இத்தனை பெரிய வித்தியாசம் இராது. ஆயினும் ஒரு மாலைப் பொழுதில் பல நூறு முறை பந்தை அடிக்கும் கைக்குச் சிறு வித்தியாசமும் பெரும் கணக்காகிவிடுகிறது. நரம்பில் 'சௌகரியம்' என்று ஆட்டக்காரர்கள் உணர்வது பெரும்பாலும் இதுதான்: திடீரென்று பாரம் விழும்போது நரம்பு எவ்வளவு நீண்டு கொடுக்கிறது, அந்த அடியை எவ்வளவு நேரத்துக்குப் பரப்பிக் கொடுக்கிறது என்பது.

நீண்டு கொடுக்கும் நரம்பு அடியின் வேகத்தை விழுங்கிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பௌதிக சாஸ்திரம் சொல்வது நேர்மாறானது. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கடினமான தரையில் விடப்பட்ட டென்னிஸ் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. அதாவது, நசுங்கி விரியும் பந்து தன் சக்தியில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகிறது. நரம்போ, தான் வாங்கிய சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாகவே திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே நரம்பு அதிகமாக வளைந்து பந்து குறைவாக நசுங்கினால், வீணாகும் சக்தி குறைந்து பந்து வேகமாகவே வெளியேறும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹோவர்டு பிராடி, சிட்னியின் ராட் கிராஸ் போன்ற பௌதிக அறிஞர்கள் டென்னிஸ் மட்டையை ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துச் சென்று தெளிவாக்கிய உண்மைகளில் இதுவும் ஒன்று. கைக்கு இதமும் பந்துக்கு வேகமும் ஒரே குணத்திலிருந்து பிறக்கின்றன. அதற்கு நாம் கொடுக்கும் விலை கட்டுப்பாடு. கோட்டுக்குள் விழ வேண்டிய பந்து சற்றே கடந்து விழலாம்.

இந்தக் குணம் பூரணமாக அமைந்த பொருளை ஐரோப்பியர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டிருந்தார்கள். 1874-இல் இங்கிலாந்தில் மேஜர் விங்ஃபீல்டு புல்தரை டென்னிஸுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதற்கு மறு ஆண்டே, இசைக்கருவிகளுக்கு நரம்பு செய்துவந்த பிரான்ஸின் லியோன் நகரத்துப் பாபோலா நிறுவனம் டென்னிஸ் மட்டைக்கும் குடல் நரம்பைச் செய்யத் தொடங்கியது. இன்று அந்த நரம்பு மாட்டுக் குடலின் வெளிப்புறச் சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. நாடாக்களாகக் கிழிக்கப்பட்ட சவ்வு சுத்தி செய்யப்பட்டு, ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு, உலர்த்தி மெருகேற்றப்பட்ட பிறகு மட்டைக்கு வருகிறது. அதன் சாரம் கொலாஜென் என்னும் புரதம்.

இந்தப் புரதத்தின் உள்ளமைப்பு உலகத்துக்குத் தெரியவந்தது சென்னையிலிருந்துதான். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வருகை தந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொலாஜெனின் அமைப்பு இன்னும் புலப்படாமல் இருப்பதை அங்கே பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த ஜி. என். ராமச்சந்திரனிடம் எடுத்துச் சொன்னார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு அந்தப் புதிரை ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவிச் சுழன்று செல்வதே கொலாஜெனின் அமைப்பு என்பதை 1954-இலும் 1955-இலும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அந்த முச்சுருள்கள் சேர்ந்து நுண்ணிழைகளாகவும், நுண்ணிழைகள் சேர்ந்து நார்களாகவும் அமைந்திருப்பதனால்தான் குடல் நரம்பு கெட்டியாக இழுத்துக் கட்டப்பட்ட நிலையிலும் நீண்டு மீளும் சக்தியை இழப்பதில்லை. நமது முழங்கையின் வெளிப்புறத்தில் தசையை எலும்போடு பிணைத்து, 'டென்னிஸ் எல்போ' என்ற பெயரில் நோவெடுக்கும் தசைநாணும் இதே கொலாஜெனால் ஆனது. மட்டையில் உள்ள கொலாஜென் நீண்டு கொடுத்துக் கையில் உள்ள கொலாஜெனைக் காக்கிறது என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

ஆனால் குடல் நரம்பின் விலை அதிகம். மழைத்தூறல் அதற்கு ஆகாது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அதன் மெருகு சீக்கிரம் போய்விடும். அந்த இடத்தை நிரப்பச் செயற்கை இழைகள் வந்தன. 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் கரோதர்ஸ் குழுவினர் படைத்த நைலான், பின்னர் மட்டைகளிலும் ஏறியது. ஒரே தடித்த இழையாக இழுக்கப்பட்ட நைலான் மலிவாகவும் உறுதியாகவும் இருந்ததே தவிர, கையில் உயிர்ப்பில்லாமல் இருந்தது. குடல் நரம்பின் அமைப்பையே நைலானில் உண்டாக்கிப் பார்ப்போம் என்று முயன்றதன் பலனே மல்டிஃபிலமென்ட் என்ற பல்லிழை நரம்பு. தலைமயிரினும் மெல்லிய நூற்றுக்கணக்கான இழைகள், சில வகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, தேங்காய் நாரைக் கயிறாகத் திரிப்பதுபோல் திரிக்கப்படுகின்றன. அவற்றின் இடுக்குகளில் பாலியூரித்தேன் போன்ற நெகிழ்ச்சியான பிசின் பாய்ச்சப்பட்டு, மேலே தேய்மானம் தாங்கும் மெல்லிய உறை போர்த்தப்படுகிறது. பிசின் எவ்வளவு, எத்தகையது என்பதைப் பொறுத்தே நரம்பின் சுபாவம் பெரும்பாலும் அமைகிறது. டெக்னிஃபைபரின் எக்ஸ்-ஒன் பைஃபேஸ், வில்சனின் என்எக்ஸ்டி, பாபோலாவின் எக்ஸ்செல் ஆகியவை இந்த ஜாதியில் பெயர்பெற்றவை.

வெட்டியெறிந்த துண்டு ஒன்றை எடுத்து அதன் நுனியை நகத்தால் நெருடிப் பார்த்தால் இவ்வமைப்பு கண்ணுக்கே தெரியும். உறை பிளந்ததும் வெண்மையான இழைகள் பஞ்சுபோலப் பிரிந்து விரிகின்றன. விரல்களுக்கிடையே சற்றே பிசுபிசுப்பதுதான் பிசின். பாலியெஸ்டர் நரம்பின் துண்டை இப்படி நெருடினால் நகம்தான் நோகும். அது ஒரே கம்பி.

அந்தப் பாலியெஸ்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இன்று இளைஞர்கள் கேட்டு வாங்குவது அதையே. 1997-இல் 66-ஆம் தரவரிசையில் இருந்த பிரேசில் இளைஞர் குஸ்தாவோ குயெர்டன், பெல்ஜியத்து லக்ஸிலான் நிறுவனத்தின் பாலியெஸ்டர் நரம்பைக் கட்டிய மட்டையோடு வந்து, முன்னாள் சாம்பியன்கள் மூவரை வென்று பிரெஞ்சுப் பட்டத்தைக் கைப்பற்றியபோது, டென்னிஸ் உலகம் அந்த நரம்பின் பக்கம் திரும்பியது. வழுவழுப்பும் விறைப்பும் கொண்ட பாலியெஸ்டர் இழைகள், பந்து படும்போது பக்கவாட்டில் நழுவிச் சட்டென்று தம் இடத்துக்கே திரும்புவதால், பந்துக்கு அபாரமான சுழற்சியைக் கொடுக்கின்றன. பல்லிழை நரம்பு இப்படித் திரும்பி வருவதில்லை. ஒதுங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிற நரம்புகளை ஆட்டத்தின் இடைவேளையில் விரலால் நேர்செய்துகொள்ள வேண்டியிருக்கும். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் விறைப்பை அளக்கிறவர்களின் கணக்கில், ஓர் அங்குலம் நீட்டக் குடல் நரம்புக்கு ஏறத்தாழ 100 பவுண்டு விசையும் பல்லிழை நரம்புக்குப் பெரும்பாலும் 150 முதல் 200 பவுண்டு வரையும் வேண்டுமென்றால், பாலியெஸ்டருக்கு 200-ஐத் தாண்டிவிடுகிறது. அதோடு அதன் இழுவிசை விரைவிலேயே தளர்ந்துவிடும். தொழில்முறை வீரர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாகக் கட்டிய மட்டையோடு இறங்குவதால் அவர்களுக்கு அது ஒரு குறையே அன்று. மாதக்கணக்கில் அதே நரம்போடு ஆடும் நம் போன்றோருக்கு, வழுக்கும் குணம் போய் விறைப்பு மட்டுமே மிஞ்சுகிறது. எலும்பும் தசைநாணும் முற்றாத பன்னிரண்டு வயதுச் சிறுவர்களின் மட்டையில், தொலைக்காட்சியில் பார்த்த சாம்பியன் கட்டியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் பாலியெஸ்டரைக் கட்டிக் கொடுப்பதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்.

இனி, பல்லிழை நரம்பு என்று தீர்மானித்த பிறகு எதைக் கவனிப்பது? கனத்தில், 16 என்று குறிக்கப்படுவது ஏறத்தாழ 1.30 மில்லிமீட்டர், 17 என்பது 1.25 மில்லிமீட்டர், எண் கூடினால் நரம்பு மெலியும். மெல்லியது பந்தைச் சற்று நன்றாகப் பற்றும், உணர்ச்சியும் கூடும், ஆனால் சீக்கிரம் அறும். பலமாக அடிப்பவர் 16-ஐயும், நிதானமாக ஆடுபவர் 17-ஐயும் எடுத்துக்கொள்ளலாம். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது இழுவிசையைப் பற்றி. சட்டத்தின் உட்புறத்தில் 50 முதல் 60 பவுண்டு என்பதுபோல் ஓர் எல்லை அச்சிடப்பட்டிருக்கும். நைலான் நரம்பு இறுக இறுக மேலும் விறைப்பாகும் சுபாவம் உடையது. ஆகவே எவ்வளவு உயர்ந்த பல்லிழை நரம்பை வாங்கினாலும், அதை எல்லையின் உச்சியில் கட்டினால் செலவழித்த பணத்தின் பலனில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மிருதுவான நரம்பை வாங்கிவிட்டு, 'நன்றாக டைட்டாகக் கட்டுங்கள்' என்று சொல்கிறவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. முழங்கையில் ஏற்கெனவே வலி இருப்பவர் எல்லையின் நடுவுக்குக் கீழே, 52 அல்லது 50 பவுண்டுக்குத் துணிந்து இறங்கலாம்.

நரம்புகளுக்கிடையே செருகும் சிறு ரப்பர் துண்டு கையைக் காக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது அடக்குவது நரம்பு ரீங்கரிக்கும் ஓசையை. விநாடிக்கு 100 முதல் 200 தடவை வரை அதிரும் சட்டத்தின் அதிர்வு, அந்த ரப்பரால் குறைவதில்லை. காதுக்குப் பிடித்திருந்தால் செருகிக்கொள்ளலாம், அவ்வளவே. வலிக்குக் காரணங்கள் நரம்பைத் தவிர வேறும் உண்டு: விறைப்பான கிராஃபைட் சட்டம், பொருந்தாத பிடி, மணிக்கட்டைத் தளரவிட்டு அடிக்கும் பேக்ஹேண்ட். வாரக்கணக்கில் நீடிக்கும் வலியை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்; எந்த நரம்பும் அதற்கு மருந்தாகாது.

பல்லிழை நரம்பு தன் முதுமையை ஒளிக்காது. குறுக்கு நரம்போடு உராயும் இடங்களில் முதலில் உறை கிழிந்து, வெள்ளை மயிரிழைகள் எழும்பி நிற்கும். பிறகு நெடுக்கு நரம்பில் ஒரு பள்ளம் விழும். அது பாதியளவு ஆழமானதும் மாற்றிவிடுவதே உத்தமம். அறாவிட்டாலும் நைலான் காலப்போக்கில் தளர்ந்து உயிர்ப்பை இழக்கும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ, வருஷத்தில் அத்தனை தடவை மாற்று என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் பழைய கணக்கு. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் மட்டையைப் போட்டு வைப்பவருக்கு இந்தக் கணக்கும் போதாது.

கட்டுகிறவருடைய கைப்பக்குவமும் இதில் சேர்த்தி. பல்லிழை நரம்பை வேகமாக உருவி இழுத்தால், குறுக்கே பின்னும்போது உராய்வின் சூட்டில் உறை பழுதுபடும். இழுவிசையை நிதானமாக ஏற்றி, நரம்பு நீள்வதற்குச் சிறிது அவகாசம் கொடுத்தே கவ்வியில் பிடிக்க வேண்டும். நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டால்தான் இழை பிரியாமல் துளையில் நுழையும். இதையெல்லாம் பொறுமையாகச் செய்கிற ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடலாகாது. கட்டி முடித்ததும் தேதியையும் பவுண்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மட்டையின் கழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த தடவை, கை கனத்தால் அதே நரம்பில் இரண்டு பவுண்டு குறையுங்கள். பந்து கோட்டைத் தாண்டித் தாண்டி விழுந்தால் ஒரு பவுண்டு கூட்டுங்கள். இப்படிச் சில தடவை மாற்றிப் பார்த்த பிறகுதான் அந்த நரம்பு தமக்கு உகந்ததா என்று ஒருவர் தீர்ப்புச் சொல்ல முடியும். வேறு பெயருள்ள நரம்பைத் தேடிக் கடைக்குப் போவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.