துக்கத்தில் இடிந்த அரண்மனை

மனைவியை இழந்த ஷாஜஹான் யமுனைக் கரையில் தாஜ்மஹாலைக் கட்டினான். மனைவியை இழந்த துக்கத்தில், இருந்த அரண்மனையையே இடிக்கச் சொன்ன அரசன் ஒருவன் உண்டு. கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கரையில் ஷீன் என்ற இடத்தில் இருந்தது அந்த அரண்மனை. இரண்டாம் ரிச்சர்டு மன்னன் 1382-இல் பொஹீமியா நாட்டு இளவரசி ஆன் என்பவளை மணந்தபோது இருவருக்கும் வயது 15. பெண் வரதட்சிணை கொண்டுவரவில்லை. மாப்பிள்ளைதான் மைத்துனனுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்தான்! ஊரார் முணுமுணுத்தார்கள். ரிச்சர்டோ அவள்மீது உயிரையே வைத்திருந்தான். இருவரும் தனித்திருக்க, ஆற்றின் நடுவே இருந்த தீவில் ஒரு மாளிகையும் எழுப்பினான்.

1394 ஜூன் மாதம் ஷீனில் ஆன் கண்ணை மூடினாள். மறு வருஷமே, “இடித்துத் தள்ளுங்கள்!” என்று உத்தரவு பிறந்தது.

1414-இல் ஐந்தாம் ஹென்றி அங்கே மீண்டும் கட்டத் தொடங்கினான். அந்த அரண்மனையும் 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் தீக்கு இரையாயிற்று. ஏழாம் ஹென்றி சளைக்கவில்லை. 1501-க்குள் புதிதாகக் கட்டி, ‘ரிச்மண்டு’ என்று பெயரிட்டான். நந்தவனத்தின் அழகை என்னவென்று சொல்வது! சிங்கம், டிராகன் உருவங்களை அங்கே வடித்திருந்தார்கள். மழையிலும் நனையாமல் உலாவச் சுற்றிலும் தாழ்வாரங்கள். சொக்கட்டான், சீட்டு, டென்னிஸ் ஆட இடங்கள்!

அவ்வருஷமே ஸ்பெயினிலிருந்து மருமகளாக வந்தாள் காதரின். உடன் வந்த பரிவாரம் ஊர் திரும்பியதும் பெண்ணின் முகம் வாடிற்று. மாமனார் அவளைத் தம் புத்தகசாலைக்கு அழைத்துப்போய், நகைகளைக் காட்டி, “பிடித்ததை எடுத்துக்கொள்” என்றார். ஐந்து மாதம் ஆகுமுன் அவள் விதவையானாள். வயது 16!

பிற்பாடு அவளை மணந்து, பிறகு ஒதுக்கியவன் கணவனின் தம்பி எட்டாம் ஹென்றி. அவனுடைய நான்காவது மனைவி கிளீவ்ஸ் நாட்டு ஆன். 1540-இல், மணந்த ஆறே மாதத்தில் வேண்டாம் என்றான். அவள் அழுது அடம்பிடிக்கவில்லை, சம்மதித்தாள். ஜீவனாம்சமாக ரிச்மண்டு அரண்மனையே கிடைத்தது! காதரின் அழுத இடத்தில் இவள் நிம்மதியாக உலாவினாள்.

1603-இல் முதலாம் எலிஸபெத் ராணியின் கடைசி மூச்சும் இங்கேதான் பிரிந்தது. 1649-இல் முதலாம் சார்லஸின் தலை உருண்டபின் அரண்மனை விலைபோயிற்று, பெரும்பகுதி இடிபட்டது.

லண்டன் போகும் நேயர்கள் ரிச்மண்டுக்கும் போய் வாருங்கள். ஏழாம் ஹென்றியின் முத்திரை தாங்கிய வாசல் இன்னும் நிற்கிறது. அதைத் தாண்டி நடந்தால் தேம்ஸ் நதி. அத்தனை ராணிகளும் பார்த்த அதே ஆறு!