குளிர்காலப் பயணமும் அடைத்த அறையும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் சங்க நண்பர்களிடையே தில்லிப் பயணப் பேச்சும் பிறந்துவிடும். நாலைந்து பேர் சேர்ந்து மூன்று நாட்களுக்குப் புறப்படுகிறவர்கள் பலர் இப்போது ஹோட்டலை நாடுவதில்லை. கட்டில், சமையலறை, பாத்திரங்கள் எல்லாம் அமைந்த ‘சர்வீஸ் அபார்ட்மெண்ட்’ ஒன்றை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். வாடகையைப் பங்கிட்டால் தலைக்குச் சொற்பமே ஆகிறது. இரவில் சூடாக ஒரு ரசம் வைத்துச் சாப்பிடலாம். வசதியான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரிய ஹோட்டலில் வேறொருவர் கவனித்துக்கொள்ளும் சில காரியங்கள் இங்கே நம் தலையில் விழுகின்றன. அவற்றுள் உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நாம் மார்கழியிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கிப் பழகியவர்கள். தில்லிக் குளிரோ வேறு வகை. 2006 ஜனவரி 8-ஆம் தேதி சப்தர்ஜங் நிலையத்தில் 0.2 டிகிரி பதிவாயிற்று. அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் கோடைக்காகக் கட்டியவை. சுவரும் தரையும் இரவெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும். புதிதாகப் போகிறவன் முதலில் செய்யும் வேலை, இண்டு இடுக்கெல்லாம் அடைப்பதுதான்.

சென்ற டிசம்பரில் நாங்கள் நால்வரும் அதைத்தான் செய்தோம். குளியலறையின் மேற்பக்கத்துத் துவாரத்தில் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்தோம். அதே அறைக்குள் சுவரில் ஒரு காஸ் கீஸர் இருந்தது. மறுநாள் காலை ஒருவர் பின் ஒருவராகக் குளித்தோம். மூன்றாவதாகப் போன நண்பர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம். “ரயில் அலுப்பு” என்றோம். நான்காமவர் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ரசாயனம் படிக்கிறவன் நான். பரீட்சையில் எழுதிய விஷயம் கண்முன் நடக்கும்போது அரை மணி நேரம் நினைவுக்கு வரவில்லை. கீஸரை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, நண்பரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். டாக்டரும் பார்த்தார். பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

நடந்தது என்ன? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 20 கிராம் சமையல் வாயு எரிய வேண்டும். அது முழுமையாக எரிய சுமார் 250 லிட்டர் காற்று தேவை. சிறிய குளியலறை ஒன்றில் இருக்கும் காற்று 7,500 லிட்டர் அளவுதான். துவாரத்தை அடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் குளித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கின் பிராணவாயு நெருப்புக்கே போய்விடுகிறது. பிராணவாயு குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரிகிறது. அப்போது கரியமில வாயுவோடு, கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவும் உண்டாகிறது.

இதற்கு நிறமில்லை, மணமில்லை. எடையும் ஏறக்குறையக் காற்றின் எடையே. ஆகையால் அறை முழுவதும் கலந்து நிற்கும். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இதனிடம் இருநூறு மடங்குக்கு மேல் பற்றுடையது. காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. அப்படியானால் கார்பன் மோனாக்ஸைடு ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே, சில மணி நேரத்தில் பாதி ஹீமோகுளோபினை அது பிடித்துக்கொள்ளும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890-களில் இந்த வாயுவைத் தாமே சுவாசித்து, நடை தள்ளாடும் வரை சோதனை செய்தார். பிற்பாடு சுரங்கங்களில் கானரிக் குருவிகளை எச்சரிக்கைக்காக வைத்தது அவர் யோசனையை ஒட்டியே.

கரி அடுப்பும் இதே கதைதான். வடக்கே ‘அங்கீட்டி’ என்கிறார்கள். நம் வீட்டுக் குமுட்டியின் உறவு. புகை அடங்கிக் கனல் சிவந்துவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் அதை உள்ளே கொண்டுவந்து வைத்துத் தூங்குகிறார்கள். உண்மை நேர்மாறு. அடியில் உண்டாகும் கரியமில வாயு, மேலேயுள்ள செங்கனலைக் கடக்கும்போது கார்பன் மோனாக்ஸைடாக மாறுகிறது. பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாலும் பயனில்லை; இவ்வாயு தண்ணீரில் கரைவது மிக அற்பம்.

மின்சார ஹீட்டர் பிராணவாயுவைக் குடித்துவிடும் என்று சொல்வதும் தவறு. அதில் எதுவும் எரிவதில்லை. ஆனால் 2,000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சிறு பிளக்கில் செருகினால் வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். பெரிய 16 ஆம்பியர் பிளக்கே வேண்டும். ஈரத் துணியை அதன்மேல் உலர்த்தவும் கூடாது.

ஆகவே, வீட்டை அமர்த்தும்போதே கேளுங்கள்: வெந்நீர் மின்சாரத்திலா, காஸிலா? காஸ் என்றால் கீஸர் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் இருக்கிறதா? உள்ளே இருந்தால் வேறு வீடு பாருங்கள். வேறு வழியில்லாவிட்டால் வாளியில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீஸரை அணைத்து, காற்றாட விட்டபின் குளியுங்கள். துவாரங்களை ஒருபோதும் அடைக்காதீர்கள். கரி அடுப்பு அறைக்குள் வேண்டவே வேண்டாம். குளிருக்கு இன்னொரு ரஜாய் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், குளிர் ஜுரம் என்று போர்த்திப் படுக்காதீர்கள். நெருப்பை அணைத்து, எல்லாரும் வெளியேறி, 112-க்குப் போன் செய்யுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். அக்கருவிக்கு இந்த வாயுவும் பிராணவாயுவும் ஒன்றுபோலவே தெரியும். டாக்டரிடம் காஸ் கீஸர் அல்லது கரி அடுப்பு இருந்ததை மறவாமல் சொல்லுங்கள்.

செங்கோட்டையைப் பாருங்கள், சாந்தினி சௌக்கில் சூடான ஜிலேபி சாப்பிடுங்கள். ஆனால் வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கீழே வைக்குமுன், குளியலறையை ஒரு முறை எட்டிப் பாருங்கள். போகிற நால்வரும் நால்வராகவே திரும்பி வர வேண்டும்.