முதல் வாக்குறுதி வாறுகாலாக இருக்கட்டும்

நெல்லை மாநகராட்சியில் கவுன்சிலராக நிற்க விரும்புகிறவர் எதை முன்னால் வைக்க வேண்டும்?

2022 பிப்ரவரி 19ஆம் தேதி வாக்களித்து நெல்லை தேர்ந்தெடுத்த மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு நிறைவடைகிறது. அடுத்த தேர்தலுக்கு 55 வார்டுகளிலும் ஆசைப்படுகிறவர்களுக்குப் பஞ்சமிருக்காது. தெருவிளக்கு, தார்ச்சாலை, குடிநீர், பூங்கா, சமுதாய நலக்கூடம் என்று அவர்களுடைய நோட்டீஸில் பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும். அந்த வரிகளில் பொய் இருக்க வேண்டியதில்லை, ஆனால் வரிசை இருக்காது. எல்லாமே முதல் வேலை என்று சொல்கிறவர் எதையும் முதலில் செய்யப்போவதில்லை. நெல்லையைப் பொறுத்தவரை முதல் வேலை ஒன்றுதான்: வார்டின் கழிவுநீர் எங்கே போய் விழுகிறது என்று கண்டுபிடித்து, அதைத் தாமிரபரணியிலும் அதன் கால்வாய்களிலும் விழவிடாமல் தடுப்பது. சாலை, குடிநீர், கொசு, மழைநீர் என்று மக்கள் கேட்கிற மற்ற எல்லாமே இந்த வாறுகால் பிரச்சினையோடு பிணைந்து கிடக்கின்றன.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் சேர்த்து 1994இல் உருவானது இந்த மாநகராட்சி. ஒரு கரையில் டவுணும் ஜங்ஷனும், மறுகரையில் பாளையும் மேலப்பாளையமும் இருக்க, நடுவே ஆறு ஓடுகிறது. ஆற்றை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுண் பக்கம் வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் கடந்து வரிசையாகக் குளங்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. கார், பிசானம் என்று இரண்டு போகத்துக்கும் நீர் கொண்டுபோக வெட்டப்பட்ட வாய்க்கால்கள் இவை. இன்று பாளையங்கால்வாய்க் கரையில் நடந்தால், வீட்டின் பின்சுவரைத் துளைத்து வந்த பிவிசி குழாய் ஒன்று வாய்க்காலுக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த சோப்புத் தண்ணீரும் அதன் வழியாக இறங்கும். சில குழாய்களில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதும் சேர்ந்து வரும். சற்றுத் தள்ளி ஒரு தெருவின் வாறுகால் மொத்தமாக வந்து விழும். கீழே ஆகாயத்தாமரையும், அதில் சிக்கிய பாலித்தீன் பைகளும், நாறும் கறுப்புச் சேறும். குழாய் வைத்த வீட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை. வேறு வழி அவருக்குக் கிடைத்திருந்தால் தன் வீட்டுக் கொல்லையிலேயே இந்த நாற்றத்தை அவர் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பணம் இரண்டு முறை போகும். பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்காத தெருவில் இன்று தார்ச்சாலை போட்டால், குழாய் வரும் நாளில் அதே சாலையை வெட்ட வேண்டும். வெட்டி மூடிய பள்ளம் முதல் மழையில் உட்கார்ந்துவிடும், அதைக் காட்டி மறுபடியும் ஓர் எஸ்டிமேட் போடுவார்கள். ஆகவே நல்ல சாலை கேட்கிறவர் முதலில் வாறுகாலைத்தான் கேட்க வேண்டும். குடிநீர்க் கணக்கும் இப்படித்தான். மாநகரின் குடிநீர் ஆற்றுப்படுகையில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து வருகிறது. அவற்றில் கொண்டாநகரமும் சுத்தமல்லியும் நகருக்கு மேலே இருக்கின்றன, மணப்படைவீடோ நகரைத் தாண்டிக் கீழே இருக்கிறது. அதாவது நெல்லை தான் கழித்ததன் ஒரு பங்கைத் தானே குடிக்கிறது. மிச்சம் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போகிறது. கொசு மருந்து அடிப்பதும், புகை போடுவதும், காய்ச்சல் முகாம் நடத்துவதும் தேங்கிய வாறுகாலுக்கு ஆண்டுதோறும் நாம் கட்டுகிற வட்டி.

வெள்ளத்தைப் பற்றி மட்டும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை எல்லாம் நீரில் மூழ்கின. அப்படியொரு மழையை எந்த வாறுகாலும் தாங்கியிருக்காது, ஆறு கரை மீறி ஏறி வந்ததை எந்தக் கவுன்சிலரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் சாதாரண ஐப்பசி மழைக்கே தெருக்களில் தண்ணீர் நிற்பதற்கு ஆற்றைக் குறை சொல்ல முடியாது. மழைநீர் வடிய வேண்டிய வாய்க்காலில் ஆண்டு முழுவதும் சாக்கடை ஓடிச் சேறு நிரம்பிக் கிடந்தால், மழை வரும் நாளில் அதில் இடமிருக்காது.

ஆறு கெட்டுப்போவது நீதிமன்றம் வரை போன விஷயம். எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடர்ந்த பொதுநல வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் பி. புகழேந்தியும் நெல்லைக்கே வந்து, கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்வையிட்டார்கள். நீதிபதிகள் வந்து பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது என்றால், தெருவில் அன்றாடம் நடமாடுகிறவர்கள் யாரும் அதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் பொருள். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்த பிறகுதான் லண்டனுக்குச் சொரணை வந்தது. பசால்கெட் என்ற பொறியாளர், ஆற்றில் விழுந்துகொண்டிருந்த சாக்கடைகளைக் கரைக்கு முன்பே மறித்து வேறு வழியில் திருப்பும் பெருங்குழாய்களைக் கட்டினார். நெல்லைக்கும் தேவை அதே தர்க்கம்தான். எந்த வாறுகால் எந்த இடத்தில் வாய்க்காலைத் தொடுகிறது என்று தெரிந்தால்தான் அதை மறிக்க முடியும்.

“கவுன்சிலருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?”

வாறுகாலை முதல் வேலையாக்கச் சொன்னால் முதலில் வரும் இந்த மறுப்பு நியாயமானது. திட்டம் தீட்டுவது சென்னை, நிதி தருவது மாநில அரசும் மத்திய அரசும், கையெழுத்துப் போடுவது அரசு நியமிக்கும் ஆணையர். கால்வாயோ நீர்வளத் துறையுடையது. கவுன்சிலர் என்ன செய்வார்? அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீரும் துப்புரவும் அதில் உண்டு. நடைமுறையில் கை கட்டப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் பணம் ஒன்றுதான் தடை என்பதை நெல்லையின் அனுபவம் ஏற்கவில்லை. 2016 அக்டோபரில் முந்தைய மாமன்றத்தின் காலம் முடிந்தபின் 2022 வரை இங்கே கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரி ஆட்சிதான். அந்த இடைவெளியில், 2017இல், ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு நெல்லை தேர்வானது, பெரும் நிதி வந்தது. 2018இல் இடிக்கப்பட்ட ஜங்ஷன் பேருந்து நிலையம் மீண்டும் திறக்க 2024 ஆயிற்று. கோடிகள் வந்தன, கட்டடங்கள் எழுந்தன, ஆற்றில் சாக்கடை கலப்பது நிற்கவில்லை. தெருத் தெருவாகத் தெரிந்துவைத்திருக்கும் ஆள் இல்லாமல் பெரிய திட்டம் கடைசி வீடு வரை போய்ச் சேராது.

அந்த ஆளாக இருக்கத்தான் கவுன்சிலர். 2011 கணக்கெடுப்பின்படி 4.74 லட்சம் பேரை 55 வார்டுகளுக்குப் பங்கிட்டால் ஒரு வார்டுக்குச் சுமார் 8,600 பேர். இது ஒருவர் நடந்தே சுற்றிப் பார்த்துவிடக்கூடிய அளவு. எந்தத் தெருவில் குழாய் பதித்தும் வீட்டு இணைப்பு தரப்படவில்லை, எந்த மூடி உடைந்திருக்கிறது, கழிவுநீரேற்று நிலையத்தின் மோட்டார் எத்தனை நாளாக ஓடவில்லை என்பதையெல்லாம் எழுதிவைத்து மாமன்றக் கூட்டத்தில் கேள்வியாக எழுப்ப எந்த அரசாணையும் தேவையில்லை. கால்வாய் நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம், அதில் விழும் குழாய் மாநகராட்சி வீட்டுவரி போட்ட வீட்டிலிருந்துதான் வருகிறது.

இரண்டாவது மறுப்பு வேட்பாளர்களிடமிருந்து வரும்: மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற வேலைக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? போட்ட சாலையைக் காட்டலாம், புதைத்த குழாயைக் காட்ட முடியாது. போதாக்குறைக்கு இணைப்புக்கு வைப்புத்தொகை, மாதக் கட்டணம், வீட்டுக்குள் தரையை உடைக்கும் செலவு. பீடி சுற்றி வாழும் குடும்பத்திடம் போய் இதைக் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது, இதற்குள்ளேயே வேலைத்திட்டம் இருக்கிறது. ஏழை வீடுகளுக்கு வைப்புத்தொகையைத் தவணையாக்கவும், வீட்டுக்குள் போகும் குழாய்ச் செலவில் பங்கு தரவும் மாமன்றத்தில் வாதாடுவது முழுக்க முழுக்கக் கவுன்சிலர் வேலை. அடைப்பு எடுக்க மனிதரைப் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் குழிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இயந்திரம் வந்துதான் எடுக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதும் அவர் வேலைதான்.

மூன்றாவது மறுப்பு, ஆளுங்கட்சிக்காரர் வந்தால்தான் காரியம் நடக்கும் என்பது. 2022இல் மாநிலத்தை ஆண்ட திமுகவுக்கே இந்த மாமன்றத்திலும் பெரும்பான்மை இருந்தது. ஆனாலும் மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் மூண்ட பூசலில் 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, கூட்டத்துக்கு ஆள் வராமல் விழுந்தது. ஜூலையில் மேயர் பதவி விலகினார். ஆகஸ்டில் ஜி. ராமகிருஷ்ணன் மேயரானபோது, அதே கட்சிக்காரர் ஒருவர் எதிர்த்து நின்று 23 வாக்குகள் வாங்கினார். கட்சி ஒன்றாக இருந்தால் நிதி வரலாம், வேலை நடந்துவிடும் என்ற உறுதி அதில் கிடையாது. எந்தக் கட்சிக் கவுன்சிலரையும் பிடித்துவைக்க வார்டுக்குள்ளேயே ஒரு கயிறு வேண்டும்.

அந்தக் கயிறு சட்டத்தில் இருக்கிறது. 2022இல் வந்த விதிகள் ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழுவையும் பகுதி சபையையும் தந்தன. கிராம சபை போல நகரத்துக்கும் ஒன்று என்ற எண்ணத்தில், அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி முதல் கூட்டங்கள் நடந்தன. மனு வாங்கி அடுக்கும் சடங்காக இல்லாமல், பகுதி சபையின் முதல் பொருளாகக் கழிவுநீர்க் கணக்கை வைக்கலாம். சென்ற கூட்டத்தில் வாய்க்காலில் விழுந்த குழாய்கள் எத்தனை, இந்தக் கூட்டத்துக்குள் மறித்தவை எத்தனை, மறிக்காதவற்றுக்கு எந்தத் துறை என்ன பதில் சொன்னது. மூன்றே வரி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால் ஐந்தாண்டு முடிவில் கவுன்சிலரின் மதிப்பெண்ணை யாரும் பேசி மறைக்க முடியாது.

ஆகவே வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டியது, “என்ன செய்து தருவீர்கள்?” என்பதல்ல. “எங்கள் தெருத் தண்ணீர் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?” என்பதுதான். தெரியும் என்று சொல்லி இடத்தைக் காட்டுகிறவருக்கு, அவர் எந்தச் சின்னத்தில் நின்றாலும், வார்டைச் சுற்றி நடந்து பார்த்த தகுதியாவது இருக்கிறது. தெரியாது, ஆனால் பூங்கா கட்டித் தருகிறேன் என்கிறவரை நெல்லை ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டது.