பேர் ஒன்று... பேர் வாங்கியவர்கள் ஐந்து பேர்!

"ராமானுஜன் யார்?" என்று நம் பாலிடெக்னிக் முதலாமாண்டுத் தம்பி ஒருவனை நிறுத்திக் கேளுங்கள். "கணக்கு மேதைண்ணா" என்று சட்டென்று பதில் வரும். அதே கேள்வியை ஸ்ரீபெரும்புதூர் பெருமாள் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் கேளுங்கள். "நம்ம உடையவர்தாம்பா, இங்கதான் பொறந்தாரு" என்பார். இலக்கியம் படிக்கிறவரைக் கேட்டால், "சங்கப் பாட்டை இங்கிலீஷில் கொண்டுபோனாரே, அவர்தானே?" என்பார். ஓவியம் பயில்கிறவர், "சோழமண்டலத்து ராமானுஜத்தைச் சொல்றீங்களா?" என்பார். கணிதத்தில் ஆராய்ச்சி செய்பவரோ நம்மையே திருப்பிக் கேட்பார்: "கடைசியில் 'ன்' போட்டவரா, 'ம்' போட்டவரா?"

ஐந்து பேர் சொன்னதும் சரிதான் நண்பர்களே! பேர் ஒன்று, ஆட்கள் வேறு. துறையும் வேறு, வாழ்ந்த காலமும் வேறு. இந்தப் பேர் புறப்பட்ட ஊரோ, தினமும் நாம் பஸ் பிடிக்கிற ஊர். 'ஸ்ரீபெரும்புதூர்' என்றால் இன்றைக்குப் பலருக்கும் கார் கம்பெனிதான் ஞாபகம் வருகிறது. அந்த ஊர்ப் பேருக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பதை நாமாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

பேரின் பொருள் என்ன?

'ராம' + 'அனுஜ' என்று பிரியும். அனுஜன் என்றால் பின்னால் பிறந்தவன், அதாவது தம்பி. ராமனுக்குத் தம்பி லட்சுமணன். ஆக, ராமானுஜன் என்றாலும் லட்சுமணன் என்றாலும் பொருள் ஒன்றே. கடைசி எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். சண்முகன், சண்முகம் என்று இரண்டு விதமாகப் பேர் வைக்கிறோமே, அதுபோல ராமானுஜன், ராமானுஜம். மரியாதை சேர்த்தால் ராமானுஜர்.

ஒரே பேர் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது? நம் வழக்கத்திலேயே விடை இருக்கிறது. மகனுடைய பிள்ளையைப் 'பேரன்' என்கிறோம். அது 'பெயரன்' என்பதன் பேச்சு வடிவம். தாத்தாவின் பேரைத் தாங்குகிறவன் என்று பொருள். தாத்தா பேர், குலசாமி பேர், பெரிய மனிதர் பேர் என்று பேர்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். வெளிநாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1929-ல் பிறந்தபோது அவர் பேர் மைக்கேல். பாதிரியாரான அவர் அப்பா 1934-ல் ஜெர்மனி போய் வந்தார். அங்கே 16-ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதரின் பேரைத் தனக்கும் வைத்துக்கொண்டு, மகனுக்கும் வைத்துவிட்டார்!

இனி, நம்ம ஊர் ராமானுஜர்களைப் பார்ப்போம்.

முதல்வர்: ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர்

வைணவ மரபுப்படி 1017-ல் பிறந்து, 120 ஆண்டுகள் வாழ்ந்து, 1137-ல் மறைந்தவர். தாய்மாமன் திருமலை நம்பி வைத்த பேர் 'இளையாழ்வார்' என்பார்கள். இளையவர், அதாவது தம்பி. அதே பொருள்தான், தமிழில்! அவர் படித்த திருப்புட்குழியும், அவர் குருவைப் போல மதித்த திருக்கச்சி நம்பியின் ஊரான பூவிருந்தவல்லியும் நம்ம பெங்களூர் ஹைவேயை ஒட்டித்தான் இருக்கின்றன. திருக்கச்சி நம்பி பிராமணர் அல்லர். அந்தக் காலத்தில் அவரை வணங்கி நின்றார் ராமானுஜர் என்பதைக் கவனியுங்கள்.

திருக்கோஷ்டியூர்க் கதை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். யாருக்கும் சொல்லாதே என்ற உறுதியோடு குரு சொல்லித் தந்த மந்திரத்தை, கோயிலில் உயரே ஏறி நின்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார் என்பது மரபு. தெரிந்ததைப் பூட்டி வைக்காதவர் என்பதால்தான் மக்கள் மனதில் இன்றும் நிற்கிறார். ஹைதராபாத் அருகே 2022-ல் அவருக்கு 216 அடி உயரச் சிலை திறக்கப்பட்டது. வைணவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக 'ராமானுஜன்' என்று பேர் வைப்பதற்கும் இவர்தான் காரணம்.

இரண்டாமவர்: கணித மேதை

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதியவர். கணக்கில் புலி, மற்ற பாடங்களில் நம்ம பாஷையில் சொன்னால் அரியர்! கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை அதனாலேயே போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தேறவில்லை. (உடனே, "நானும் ராமானுஜன்தான்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அவர் கணக்கு நோட்டுகள் இன்றைக்கும் உலகத்தாருக்கு வேலை வைத்துக்கொண்டிருக்கின்றன.)

1912-ல் மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நம்ம பகுதிக் கார்கள் கப்பல் ஏறிப் போனதும் அந்தத் துறைமுகம் வழியாகத்தான். அங்கே வேலை பார்த்துக்கொண்டே, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் சூத்திரங்களை எழுதி அனுப்பினார். 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சென்னையில் காலமானார்.

1729 என்ற எண்ணை அவரோடு சேர்த்துச் சொல்வார்கள். 1-ன் கனமும் 12-ன் கனமும் கூட்டினால் 1729. 9-ன் கனமும் 10-ன் கனமும் கூட்டினாலும் 1729. இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது இதுதான் என்று, படுக்கையில் கிடந்தபடியே ஹார்டியிடம் சொன்னார். கால்குலேட்டர் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்!

மூன்றாமவர்: ஏ.கே. ராமானுஜன்

1929-ல் மைசூரில் பிறந்தவர். வீட்டில் தமிழ், ஊரில் கன்னடம், படிப்பில் ஆங்கிலம். அப்பா கிருஷ்ணசாமி கணிதப் பேராசிரியர். மகனோ மொழிப் பக்கம் போய், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967-ல் நூலாக வெளியிட்டார். நம்மாழ்வார் பாசுரங்களின் மொழிபெயர்ப்பு 1981-ல் வந்தது. 1976-ல் பத்மஸ்ரீ. 1993-ல் சிகாகோவில் மறைந்தார்.

இதில் ஒரு ஆச்சரியம் பாருங்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு முதல் உரை எழுதும்படி தன் சீடர் பிள்ளானிடம் சொன்னவர் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் என்பது மரபு. சுமார் 900 ஆண்டு கழித்து, அதே நம்மாழ்வாரை ஆங்கிலம் படிப்போருக்கு எடுத்துச் சொன்னவரும் ஒரு ராமானுஜன்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர் மொழிபெயர்த்த குறுந்தொகைப் புலவர்களில் ஒருவர் செம்புலப்பெயனீரார். அது அவருடைய அப்பா அம்மா வைத்த பேர் அல்ல. சொந்தப் பேர் கிடைக்காததால், அவர் பாட்டில் வரும் சொற்களையே அவருக்குப் பேராக்கிவிட்டார்கள். பேர் தொலைந்தும் வேலை நின்றது. அந்த வேலையே ஒரு பேரைக் கொடுத்துவிட்டது.

நான்காமவர்: ஓவியர் கே. ராமானுஜம்

சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். பேச்சு சரளமாக வராது. பழகுவதும் கஷ்டம். ஆனால் பேனாவும் மையும் கையில் கிடைத்தால் கனவில் வருகிற மாதிரி அரண்மனைகள், விசித்திர மிருகங்கள், தெய்வங்கள் எல்லாம் தாளில் இறங்கும். அவர் திறமையை அறிந்து ஆதரித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் கலைக் கிராமத்தில்தான் ராமானுஜம் வாழ்ந்தார். 1973-ல், இளம் வயதிலேயே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

ஐந்தாமவர்: சி.பி. ராமானுஜம்

1938-ல் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் படித்து, 1957-ல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அல்ஜீப்ரா வழியாக வடிவங்களை ஆராயும் கணிதத்தில் 'ராமானுஜம் பரப்பு' என்று ஒன்றுக்கு இவர் பேரே நிலைத்துவிட்டது. அதே 'ராமானுஜன்' உலகம் முழுக்கப் பிரசித்தமாக இருக்கும் அதே துறையில், தனக்கென ஒரு 'ம்' போட்டு நின்றவர்! இவரும் மனநோயோடு நெடுநாள் போராடி, 1974-ல் 36 வயதில் மறைந்தார்.

இந்த இரண்டு ராமானுஜம்களையும் படித்தபோது எனக்கு ரொம்ப நேரம் மனசு ஆறவில்லை. திறமை இருப்பவனுக்கு மனக்கஷ்டம் வராது என்பது பொய். அரியர், வீட்டுக் கடன், வேலைக் கவலை என்று நம் விடுதியிலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவன் இருப்பான். அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். மத்திய அரசின் சேவை அது, தமிழிலும் பேசலாம்.

இனிஷியல் என்ன சொல்கிறது?

ஒரே பேர்க்காரர்களைப் பிரித்துக் காட்ட நாம் கண்டுபிடித்த வழி இனிஷியல். அப்பா பேர் முன்னால், நம்ம பேர் பின்னால். கணித மேதையின் 'சீனிவாச' என்பது அவருடைய அப்பா பேர். வெளிநாட்டார் பலர் அதை அவருடைய சொந்தப் பேர் என்றும், 'ராமானுஜன்' குடும்பப் பேர் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள்!

நம்ம இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கொரியா, ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் கம்பெனிகள் எல்லாம் இருக்கின்றன. கொரியாக்காரர்களுக்குக் குடும்பப் பேர் முன்னால் வரும். அங்கே ஐந்தில் ஒருவருக்கு 'கிம்' என்பதே குடும்பப் பேர். நமக்கோ குடும்பப் பேர் என்ற வழக்கமே பெரும்பாலும் கிடையாது. ஆனால் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் அப்பா பேரை முழுசாகப் போடுவார், ஒருவர் காலியாக விடுவார். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்கு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பேர் பின்னால். வேலைக்குச் சேரப்போன நாளில் கம்பெனி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்தி வாங்கி வருவதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போதும் இதே தொல்லைதான்.

பாடத்தை விட்டு வெளியே போகிறேன் என்று நினைக்காதீர்கள். இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பேர் யாரோ வைப்பது. இனிஷியல் அப்பா கொடுப்பது. இரண்டுமே நம் சம்பாத்தியம் அல்ல. ஐந்து பேருக்கும் கிடைத்தது அதே நாலைந்து எழுத்துதான். ஒருவர் அதை உபதேசத்தால் நிரப்பினார், ஒருவர் எண்ணால், ஒருவர் சொல்லால், ஒருவர் கோட்டால், இன்னொருவர் நிரூபணத்தால். பேரைக் கேட்டதும் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு உருவம் வருகிறதே, அதுதான் அவரவர் சம்பாதித்தது.

என் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தவர். கையெழுத்துக்குப் பதில் ரேகைதான் வைப்பார். எங்கள் வீட்டில் அவர் பேர் எந்தச் சான்றிதழிலும் அச்சானதில்லை. வருகிற மாதம் டிப்ளமா சான்றிதழ் கைக்கு வந்தால், என் பேருக்கு முன்னால் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும் இருக்கும். அந்த எழுத்து அவர். நம்மில் எத்தனையோ பேர் வீட்டிலும் இதே நிலைமைதான் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே, நண்பர்களே! ஹால் டிக்கெட் வந்ததும் முதலில் பேரையும் இனிஷியலையும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் இப்போதே ஆபீசில் சொல்லித் திருத்தி வாங்கிவிடுங்கள். அதை நிரப்புகிற வேலையை அப்புறம் பார்த்துக்கொள்வோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை