உங்களுக்குத் தெரியுமா? பலாலியில் இறங்கும் விமானமும் அதை ஓட்டும் கைகளும்!

இலங்கை சுதந்திரம் அடைவதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் பயணிகள் விமானம் இறங்கிவிட்டது! 1947 டிசம்பர் 10. இலங்கையின் எயார் சிலோன் விமான நிறுவனத்தின் முதல் பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். அந்த டக்கோட்டா விமானத்தின் பெயர் 'சீதா தேவி'. சுதந்திரத்துக்கு இன்னும் 56 நாட்கள் இருந்தன!

இன்று சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வருகிற இந்திய நிறுவனமான இண்டிகோவின் ஏடிஆர் விமானத்தில் 78 இருக்கைகள். விமானிகள்? இரண்டே இரண்டு பேர்!

பென்னாம்பெரிய ஏர்பஸ் ஓட்டும் கப்டனைக் கூட்டிவந்து அந்தக் குட்டி ஏடிஆரில் உட்கார வையுங்கள். ஓட்ட முடியாது! ஒவ்வொரு விமான வகைக்கும் தனிப் பயிற்சி, தனித் தகுதி வேண்டும்!

வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 18 வயது, வழக்கமாக 200 மணி நேரப் பறப்பு. கப்டனுக்கான உயர் உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும். இரவு பகல் இறங்காமல் பறந்தாலும் 62½ நாள்!

அமெரிக்காவில் பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கே பொதுவாக அந்த 1,500 மணி நேரம் வேண்டும்! 2009-இல் பஃபலோ அருகே விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு வந்த சட்டம் இது. ஆனால் கேளுங்கள்: அந்த விமானத்தின் இரு விமானிகளுமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள்! கப்டன் பறந்திருந்தது 3,379 மணி நேரம்!

கண்ணாடி போட்டால் விமானியாக முடியாதா? யார் சொன்னது! கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும்!

ஆங்கிலத்துக்கும் பரீட்சை உண்டு. உச்ச மட்டம் 6, வேலைக்குத் தேவை 4. அந்த நாலோடு நின்றுவிட்டால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பரீட்சை!

65 வயது முடிந்தால் சர்வதேசப் பயணிகள் விமானத்தின் கட்டுப்பாட்டைத் தொட முடியாது. 20,000 மணி நேரம் பறந்தவரானாலும் சரி!

2025 டிசம்பர் 5. விமானம் நிற்கிறது, எரிபொருள் இருக்கிறது, ஓட்ட ஆளில்லை! இந்தியாவில் விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாகக் கூட்டப்பட்டது, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கை 6-இலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கேற்ற விமானிகள் கைவசம் இல்லாத இண்டிகோ, அந்த ஒரே நாளில் ரத்துச் செய்த பயணங்கள் 1,000-க்கும் மேல்!

அடுத்த 20 வருடத்தில் உலகத்துக்குத் தேவைப்படும் புதிய விமானிகள் எத்தனை பேர்? 2025-இல் போயிங் போட்ட கணக்கு: 6,60,000!