பசுவின் ஏப்பமும் புல்லின் வேரும்

மேய்ச்சல் முடிந்து வந்த பசு படுத்து அசைபோடுவதைப் பார்த்திருப்பீர்கள். சற்று நேரம் அருகில் இருந்தால் அது ஏப்பம் விடுவதையும் கேட்கலாம். அந்த ஏப்பத்தில் எரியக்கூடிய வாயு ஒன்று இருக்கிறது. அதுதான் மீதேன். சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதே வாயுதான்!

"பௌதிகம் கற்பிப்பவருக்குப் புல்லில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். சக்தி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கணக்குப் பார்ப்பதுதானே எங்கள் வேலை! பசுவையும் அப்படிப் பார்க்கலாம்.

ஏப்பத்தில் போகும் சக்தி

பசுவின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் நார்ப்பொருளை நொதிக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் வேறு சில நுண்ணுயிர்கள் சேர்த்து மீதேனாக மாற்றுகின்றன. தீவனத்தில் உள்ள மொத்தச் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை இவ்வழியில் வீணாகிறது.

ஒரு பசு நாளொன்றுக்கு 200 கிராம் மீதேனை வெளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எரித்து, வெப்பம் சிறிதும் வீணாகாமல் பயன்படுத்தினால், 30 டிகிரியிலுள்ள சுமார் 35 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கலாம்! பாலாக மாறியிருக்க வேண்டிய சக்தி இது. மேலும், எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் மீதேன் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது.

முற்றிய புல்லில் லிக்னின் என்னும் கட்டைப் பொருள் மிகுதி. அது எளிதில் செரிக்காது. இலை மிகுந்த உயர்ரகப் புல்லை இளம் பருவத்தில் கொடுத்தால் விரைவில் செரிக்கும், பாலும் கூடும்.

மண்ணுக்குள் ஒரு சேமிப்பு

கொலம்பியா நாட்டின் கிழக்கே 'யானோஸ்' என்னும் பரந்த புல்வெளி உண்டு. அதன் மண் அமிலத்தன்மை மிக்கது; சத்துக் குறைந்தது. அங்கே ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பிரேக்கியேரியா புற்கள் பயிரிடப்பட்டன. நம் ஊரில் ஈரமான இடங்களில் தீவனமாக வளர்க்கும் நீர்ப்புல்லுக்கு இவை நெருங்கிய உறவு.

இப்புற்களின் வேர்கள் ஆழமாக இறங்குபவை. காற்றிலிருந்து இலை எடுத்த கரியின் ஒரு பகுதி, வேர் மடியும்போது மண்ணில் தங்கிவிடுகிறது. உழும் ஆழத்துக்கும் கீழே அது தங்குவதால் எளிதில் காற்றுக்குத் திரும்புவதில்லை. யானோஸில் கண்ட இவ்வுண்மையை 1994இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

வேறொரு வியப்பும் உண்டு. சாணமும் சிறுநீரும் விழுந்த மண்ணில் அம்மோனியத்தைச் சில பாக்டீரியங்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் ஒரு பகுதி மழைநீரில் கரைந்து போகிறது. ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவாகிறது. இது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு கொடியது. பிரேக்கியேரியா ஹியூமிடிகோலா என்னும் புல்லின் வேர், அந்தப் பாக்டீரியங்களைத் தடுக்கும் பொருளைக் கசியவிடுகிறது. 2009இல் இனங்கண்ட அப்பொருளுக்குப் பிரேக்கியலாக்டோன் என்று பெயர். உரம் மண்ணிலேயே தங்கினால் லாபம் புல்லுக்கும்தானே!

கணக்கை முழுதாகப் பாருங்கள்

இனி ஓர் எச்சரிக்கை. 4 லிட்டர் பால் தந்த பசு, நல்ல புல்லால் 8 லிட்டர் தருகிறது என்று கொள்வோம். தீனியும் கூடுவதால் மீதேன் 200 கிராமிலிருந்து 240 கிராமாக உயரட்டும். லிட்டருக்கு 50 கிராம் என்பது 30 கிராமாகக் குறைகிறது. ஆனால் ஒரு பசுவின் கணக்கில் மீதேன் கூடியிருக்கிறது! அதே பாலைக் குறைந்த மாடுகளிடம் பெற்றால்தான் காற்றுக்கு நன்மை. லாபம் வருகிறதென்று மாடுகளைப் பெருக்கினால் நன்மை மறைந்துவிடும்.

இதே புற்களை விதைக்க அமேசான் காட்டை அழித்தால் கணக்கு முற்றிலும் நஷ்டந்தான். மரங்களில் இருந்த கரியை வேர்கள் ஈடுகட்ட முடியாது. பாழ்பட்ட மேய்ச்சல் நிலத்தில் விதைத்தாலோ, அது லாபக் கணக்கு.

புல் ஒன்றுதான். அது நன்மை செய்வதும் தீமை செய்வதும் அதை எங்கே விதைக்கிறோம், எத்தனை மாடு மேய்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அடுத்த முறை பசு ஏப்பம் விடும்போது இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்!